நியூட்ரினோ பட்டறை

நீடாமங்கலம் ரயில்வே கேட் இன்று காலையும் அடைத்துத்தான் இருந்தது. எஞ்சினைக் கழற்றி மறுபக்கம் மாட்டிக்கொண்டிருந்தார்கள். நான் ஏறியிருந்த மன்னார்குடி பஸ்ஸுக்கு முன்னால் வைக்கோல் ஏற்றிய டிராக்டர் ஒன்று நின்றது. மழையில் நனைந்து, உள்ளே சூடேறிப் புழுங்கிப்போன வைக்கோல். அந்த வாடை சன்னல் வழியாக வந்ததும் உங்கள் ஞாபகம் வந்தது என்று எழுதினால் அது பொய். உங்கள் ஞாபகம் காலையில் எழுந்ததிலிருந்தே இருந்தது. வாடை வந்ததும் கோபம் வந்தது.

சட்டைப் பையில் உங்கள் மகள் கொண்டுவந்து கொடுத்த அழைப்பிதழ் இருந்தது. நீங்கள் வேலை பார்த்த அதே கல்லூரியில், உங்கள் நினைவாக, நியூட்ரினோக்கள் அணுக்கருவோடு எப்படி வினைபுரிகின்றன என்பது பற்றிப் பயிற்சிப் பட்டறை. பட்டறை என்றே அச்சடித்திருந்தார்கள். இப்போது எல்லாமே பட்டறைதான். தையலுக்குப் பட்டறை, யோகாசனத்துக்குப் பட்டறை, தேனீ வளர்க்கப் பட்டறை. யாருக்கும் அந்தச் சொல் உறுத்துவதில்லை. அந்தச் சொல்லால் நாம் பட்டது யாருக்கும் தெரியாது.

இதே கேட்டில்தான் உங்களை முதலில் பார்த்தேன். நீங்கள் கல்லூரிக்குப் புதிதாக வந்த விரிவுரையாளர். சைக்கிளை இடுப்பில் சாய்த்துக்கொண்டு, கேட் திறக்கும்வரை கைப்பிடியில் ஒரு புத்தகத்தை விரித்து வைத்துப் படித்துக்கொண்டிருந்தீர்கள். நான் பக்கத்தில் உர மூட்டையோடு நின்றேன். பக்கம் முழுக்க ஒரு கறுப்புப் படம். அதில் கீறல் கீறலாக வெள்ளைக் கோடுகள். எட்டிப் பார்த்துக் கேட்டேன். "சார், எல்லாக் கோடும் ஓரத்துலேருந்து வருது. இந்த மூணு கோடு மட்டும் நடுவுல சும்மா இருந்த எடத்துல ஆரம்பிக்குதே, அங்க என்ன வந்துச்சு?"

நீங்கள் என்னையும் மூட்டையையும் பார்த்தீர்கள். பிறகு, "வந்தது தடம் விடாதுங்க. அது போயி ஒரு கருவுல மோதுச்சு, கரு தெறிக்குது. தெறிச்சதை வச்சுத்தான் வந்தது நியூட்ரினோன்னு சொல்லணும்" என்றீர்கள்.

நான் பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவன். அப்பா போனதும் குத்தகை நிலம் என் தலையில் விழுந்தது. நூலகத்தில் கிடைத்ததைப் படித்தேன், புரியாததை அகராதி வைத்துப் படித்தேன், அப்படியும் புரியாததை மூன்றாம் தடவை படித்தேன். எனக்குப் பாடம் எடுக்க யாரும் வந்ததில்லை, நீங்களும் எடுக்கவில்லை. நாம் சண்டைதான் போட்டோம். அணுக்கருவுக்குள் புரோட்டானும் நியூட்ரானும் நெருக்கியடித்துக்கொண்டு கிடக்கும்போது, நியூட்ரினோ வந்து இடித்தாலும் இடிபட்டது நகர இடமில்லை என்றால் அந்த இடியே நடக்காது என்று நீங்கள் சொன்னீர்கள். நான் ஒப்புக்கொள்ளவில்லை. இடி இடிதானே, நகராவிட்டால் என்ன என்று வாதாடினேன். ஒரு பொங்கல் நாளில் மன்னார்குடி பஸ்ஸில் ஒற்றைக்காலில் தொங்கிக்கொண்டு வந்து இறங்கிய பிறகுதான் உங்களிடம் வந்து, "நீங்க சொன்னது சரி. கண்டக்டர் தள்ளுறான், ஒருத்தனும் அசையல" என்றேன். நீங்கள் சிரித்த சிரிப்பில் எதிர்வீட்டு ஆள் எட்டிப் பார்த்தார்.

பட்டறை என்ற யோசனை யாருடையது என்று இப்போது கேட்டால் எனக்கே பிரித்துச் சொல்லத் தெரியாது. தங்கச் சுரங்கத்துக்குள் கருவி இறக்கி நியூட்ரினோவைத் தேடிய ஒருவரை உங்களுக்குத் தெரிந்திருந்தது. அவரை அழைக்கலாம் என்றீர்கள். அழைத்து வெறும் பேச்சாகப் போகக்கூடாது, வருகிறவர்கள் உட்கார்ந்து படத்தைப் பார்த்து, கோட்டை அளந்து, உள்ளே என்ன நடந்திருக்கும் என்று தாங்களே கணக்குப் போட வேண்டும் என்றேன். என் களத்து வேப்பமரத்தடியில்தான் எல்லாத் திட்டமும் போட்டோம். யார் எதைப் பேசுவது, படக்கருவிக்கு மின்சாரம் எந்த நேரத்தில் நம்பலாம், பம்பாயிலிருந்து வருகிற அந்தச் சுரங்கத்துக்காரரைக் கேட் அடைப்பதற்குள் எப்படி அழைத்துவருவது, அவருக்குக் காரம் இல்லாமல் யார் சமைப்பது. எல்லாம் ஆங்கிலத்தில் நடக்கும் என்றீர்கள். ஓர் அமர்வு தமிழில் வேண்டும், அதை நான் எடுக்கிறேன் என்றேன். வெகுநேரம் வைக்கோலைக் கிள்ளிக் கிள்ளிப் போட்டுக்கொண்டிருந்துவிட்டு, "சரி அண்ணே" என்றீர்கள். அந்தச் 'சரி'யை நான் இன்றுவரை விடவில்லை.

என் அமர்வுக்குத் தலைப்பையும் நீங்கள்தான் வைத்தீர்கள்: இடிபட்டது வெளியே வரும் வழி. கருவுக்குள் அடிபட்ட துகள் நேராக வெளியே வந்துவிடுவதில்லை. சுற்றியிருப்பவற்றின் மேல் முட்டி, திசை மாறி, சில சமயம் உள்ளேயே விழுங்கப்பட்டு, வேறொன்றுதான் வெளியே வருகிறது. வெளியே பார்க்கிறவன் அதையே உண்மை என்று எழுதிக்கொள்கிறான். "உள்ள நடந்தது வேற அண்ணே, வெளிய வந்து சொல்றது வேற. நம்ம பட்டறை அந்த வித்தியாசத்தைப் பத்தினதுதான்" என்றீர்கள்.

பெயரில்தான் முட்டிக்கொண்டோம். நீங்கள் கருத்தரங்கம் என்றீர்கள். கருத்துச் சொல்ல அரங்கம் ஆயிரம் இருக்கிறது, மைக் கட்டாத சந்து இந்தச் சீமையில் இல்லை, இது வேலை செய்கிற இடம், பட்டறை என்றுதான் வைக்க வேண்டும் என்றேன்.

"கொல்லுப் பட்டறைன்னு நெனைப்பாங்க அண்ணே."

"நெனைக்கட்டும். சூடு பண்ணி அடிச்சுப் பாக்கிற எடந்தானே?"

நெல்லைக் குவித்து வைக்கோல் பிரி சுற்றி மூடி வைப்பதற்கும் நம் பக்கம் பட்டறை என்றுதான் பெயர். அந்த அர்த்தம் எனக்குத் தெரியாமல் இல்லை, என் களத்திலேயே அப்படி ஒன்று நின்றது உண்டு. இரும்பை அடிக்கிற இடத்துக்கும் விளைந்ததைக் காத்து வைக்கிற இடத்துக்கும் ஒரே சொல் என்பது எனக்குப் பெருமையாக இருந்தது. அந்தச் சொல்லை வைத்தது சரி. இன்றும் அதைத்தான் சொல்கிறேன்.

அது எப்படிப்பட்ட காலம் என்று இன்றைக்குள்ளவர்களுக்குச் சொன்னாலும் விளங்காது. கழக ஆட்சி வந்திருந்தது. உழுகிறவனை வெளியேற்றக் கூடாது என்று சட்டம் பேசியது, வெளியேற்றக் காரணம் தேடி ஆட்கள் வரப்பு வரப்பாக நடந்தார்கள். அறுவடைக் கூலிக்காகச் சிவப்புக் கொடி ஏறாத களம் குறைவு. போலீஸ் வேன் கல்லூரி மைதானத்தில்தான் நிற்கும். நான் உழுத நிலமும் உங்களுக்குச் சம்பளம் கொடுத்த கல்லூரியும் ஒரே அறக்கட்டளையுடையவை. அறுவடைச் சமயத்து மழையில் என் சம்பா சாய்ந்து முளைத்துப் போனது. அந்த வருஷக் குத்தகையைத் தள்ளுபடி செய்யக் கேட்டேன். அவர்கள் என்னை வெளியேற்றக் கேட்டு குத்தகைக் கோர்ட்டில் மனுப் போட்டார்கள்.

அந்தச் சமயத்தில்தான் கல்லூரி மண்டபத்துக்கு அனுமதி இழுத்துக்கொண்டே போனது. அதுவரை ஆர்வமுள்ளவர்களை என் களத்தில் ஒருமுறை கூட்டிப் பேசிப் பார்க்கலாம் என்று இருவரும் முடிவு செய்தோம். செய்தித்தாளின் மேல் நீலச் சாயத்தில் சுவரொட்டி எழுதினேன். 'நியூட்ரினோ பட்டறை' என்று பெரிய எழுத்தில். கீழே என் களத்தின் அடையாளம். கேட் அருகே டீக்கடைச் சுவரில் ஒட்டினேன். அறக்கட்டளைக் காரியஸ்தர் டீ குடிக்க வந்து அதைப் படித்தார்.

அவரை நான் குற்றம் சொல்லமாட்டேன். வருஷத்துக்கு ஒரு புது நெல் வந்த காலம் அது. ஐ.ஆர். எட்டு என்றார்கள், ஆடுதுறை இருபத்தேழு என்றார்கள், வாயில் நுழையாத பெயரோடு வேளாண்மை ஆபீசிலிருந்து விதை வந்துகொண்டே இருந்தது. நியூட்ரினோவும் அப்படியொரு ரகம் என்று அவர் நினைத்ததில் வியப்பில்லை. பயிர் அழிந்துவிட்டது என்று சொல்லிவிட்டு, நியூட்ரினோ என்னும் உயர்ரக நெல்லைப் பட்டறை போட்டு மறைத்து வைத்திருக்கிறேன், அதைத் திமிராகச் சுவரிலும் ஒட்டியிருக்கிறேன் என்று கூடுதல் மனு வந்தது. சுவரொட்டியைச் சுரண்டி எடுத்துவந்து சாட்சியமாகச் சேர்த்திருந்தார்கள்.

சிரித்துவிட்டுப் போகிற சங்கதியாக அது இருக்கவில்லை. மறைத்தது நிரூபணமானால் நிலம் போய்விடும். அந்த நிலம் போனால் எனக்கு வேறு இடம் இல்லை. நெல் இல்லை என்று நானே சொன்னால், மாட்டிக்கொண்டவன் அப்படித்தான் சொல்வான் என்பார்கள். நியூட்ரினோ என்றால் என்ன என்று சொல்ல அந்த வட்டாரத்தில் உங்களைத் தவிர ஆள் இல்லை. நீங்கள் சாட்சி சொன்னாலோ, வழக்கு நடக்கும்போதே எதிராளியான என் களத்தில் உட்கார்ந்து திட்டம் போட்டவர் என்று உங்கள் முதலாளிகளுக்குத் தெரியும். உங்கள் வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. வீட்டில் உங்கள் மனைவி மாசமாக இருந்தார். இப்போது எனக்கு அழைப்பிதழ் கொடுத்த மகள்தான் அப்போது வயிற்றில்.

வருவீர்களா என்று நான் கேட்கவில்லை. கேட்கிற பழக்கம் எனக்கு இல்லை.

வந்தீர்கள். தஞ்சாவூரில் குத்தகைக் கோர்ட் நடந்த ஓட்டுக் கட்டடத்தில், இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையோடு, என்னைப் பார்க்காமல் வந்து நின்றீர்கள். உங்களுக்கு முன்னால் காரியஸ்தரைத்தான் கூப்பிட்டார்கள். அவர் நெல்லின் சன்னத்தைப் பற்றிக்கூடச் சொன்னார். நேரில் பார்த்தீரா என்று வழக்கை விசாரித்த அதிகாரி கேட்டார். "பாக்கலீங்க. பட்டறைன்னு எழுதியே போட்டிருக்கான், நெல்லு இல்லாமயா போடுவான்?" என்றார் அவர்.

பிறகு உங்கள் முறை. இது என்ன ரகம் என்று அதிகாரி உங்களிடமும் கேட்டார்.

"நெல் இல்லீங்க. அணுவைவிட ரொம்பச் சின்ன துகள். சூரியன்லேருந்து வருது. இந்தச் சுவரு, நீங்க, நானு, கீழ இருக்கிற பூமி, எல்லாத்துக்குள்ளயும் பூந்து அந்தப் பக்கம் போயிடும்."

"இப்பவுமா?"

"இப்பவுந்தாங்க."

அதிகாரி தன் உள்ளங்கையை ஒருமுறை திருப்பிப் பார்த்துக்கொண்டார். "அப்ப அதைப் பட்டறை போட முடியாது."

"முடியாதுங்க. ஒரு சாக்குலகூடப் புடிக்க முடியாது."

கட்டடமே சிரித்தது. நானும் சிரித்தேன். நிலம் தப்பியது என்று அந்தக் கணமே எனக்குத் தெரிந்துவிட்டது. அதற்குப் பிறகுதான் அறக்கட்டளை வக்கீல் எழுந்தார். நெல் இல்லை என்றால் இந்தச் சுவரொட்டி எதற்கு, கல்லூரி விஷயத்தில் இந்தக் குத்தகைக்காரருக்கு என்ன வேலை, இவரும் நீங்களும் சேர்ந்து நடத்துகிறீர்களா என்று கேட்டார். நீங்கள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தீர்கள்.

"பட்டறையெல்லாம் ஒண்ணும் இல்லீங்க. காலேஜ்ல ஒரு கருத்தரங்கம் வைக்கலாம்னு எனக்கு ஒரு யோசனை. அவருக்குக் கையெழுத்து நல்லா இருக்கும். போஸ்டர் எழுதித் தாங்கன்னு சொன்னேன். அந்த வார்த்தை அவரா போட்டது. மத்தபடி அவருக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லீங்க."

வெளியே வந்ததும் டீ வாங்கி நீட்டினீர்கள். நான் வாங்கவில்லை. "நெலம் நின்னுச்சுல்ல அண்ணே" என்றீர்கள். உள்ளே நடந்தது நம் இருவருக்கும் தெரியும், அது போதாதா என்றும் கேட்டீர்கள்.

"உள்ள நடந்தது வேற, வெளிய வந்து சொல்றது வேறன்னு சொன்னீங்களே சார். அதைச் செஞ்சே காட்டிட்டீங்க" என்று சொல்லிவிட்டு நான் பஸ் ஏறினேன். அதுதான் நான் உங்களிடம் பேசிய கடைசி வார்த்தை.

பட்டறை நடக்கவில்லை. மண்டபத்துக்கு அனுமதி வரவே இல்லை. சுரங்கத்துக்காரர் வேறு ஊருக்குப் போய்விட்டார். நிலம் எனக்கு நின்றது, நானும் அதிலேயே நின்றுவிட்டேன். குத்தகைப் பதிவு என் பேரில் இருக்கிறவரை நானே நின்று உழ வேண்டும். ஒரு போகம் வெளியூரில் இருந்தால் சொந்தச் சாகுபடி இல்லை என்று அடுத்த மனு வரும். படிக்க, பார்க்க, கேட்க எங்கெங்கோ போக நினைத்தவன், வெண்ணாற்றில் தண்ணீர் வந்ததா என்று பார்ப்பதற்காக ஒவ்வொரு ஆனியிலும், ஆறு பிரிகிற மூணாறு தலைப்புவரை போய்த் திரும்பினேன். நீங்களும் எங்கும் போகவில்லை. அதே கல்லூரியில், அதே அறக்கட்டளைக்காரர்கள் பார்வையிலேயே, ஓய்வு பெறும்வரை இருந்தீர்கள். எதிரெதிராக இருவரையும் கட்டிப்போட்ட கயிறு ஒன்றேதான். அதற்காக உங்களை மன்னிக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியதில்லை.

கேட்டில் பார்த்துக்கொள்வோம். நீங்கள் அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம், நடுவில் கூட்ஸ் வண்டி. பெட்டிகளுக்கு இடையே உங்கள் முகம் வெட்டி வெட்டித் தெரியும். வண்டி போனதும் தலையை லேசாக ஆட்டுவீர்கள். நான் ஆட்டமாட்டேன். கேட் திறந்ததும் அவரவர் வழி. தலை நரைத்து, சைக்கிள் போய் மொபெட் வந்து, பிறகு அதுவும் போய் உங்கள் மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றபோதும் தலையை ஆட்டினீர்கள்.

இன்று கேட் திறந்து நான் போய்ச் சேர்ந்தபோது விழா தொடங்கியிருந்தது. என்னை மேடைக்கு அழைத்தார்கள். ஒருங்கிணைப்பாளர் சின்ன வயது, நல்ல பையன், மரியாதையானவன். என்னைப் பற்றித் தாளில் எழுதி வைத்திருந்ததைப் படித்தான். பேராசிரியர் அந்த நாளிலேயே இப்படியொரு பட்டறைக்குத் திட்டமிட்டார் என்றும், அதற்கு அழகாகச் சுவரொட்டி எழுதித் தந்த விவசாயப் பெரியவர் இவர் என்றும் சொன்னான்.

பாருங்கள் சார். வேலையைக் காப்பாற்றிக்கொள்ள ஒரு கோர்ட்டில் சொன்ன வார்த்தை. அந்த வழக்கை யாரும் நினைவில் வைத்திருக்கவில்லை, வக்கீல் இல்லை, காரியஸ்தர் இல்லை, அறக்கட்டளையே வேறு கைக்கு மாறிவிட்டது. அந்த வார்த்தை மட்டும் அத்தனை சுவருக்குள்ளும் புகுந்து இந்த மேடைவரை வந்துவிட்டது.

பொன்னாடையோடு வந்தவனை நிறுத்தி மைக்கை வாங்கினேன். "போஸ்டர் எழுதினது நாந்தான். பட்டறைக்குத் திட்டம் போட்டதும் நாந்தான். அவரும் நானும். ஒரு அமர்வு எனக்கு இருந்துச்சு" என்றேன். கைதட்டினார்கள். அந்தப் பையன், "நிச்சயமா ஐயா, நீங்க எல்லாரும்தான்" என்று சிரித்துக்கொண்டே பொன்னாடையைப் போர்த்திவிட்டான். வயசானவர் ஏதோ உணர்ச்சிவசப்பட்டுச் சொல்கிறார் என்று வாங்கிக்கொண்டார்கள். மறுத்திருந்தாலாவது வாதாடியிருப்பேன். என்னோடு வாதாட அங்கே ஆளில்லை. நான் சொன்னதற்குச் சாட்சி ஒருவர்தான் உண்டு. அவர் படத்துக்கு மாலை போட்டிருந்தார்கள்.

பிறகு ஒரு பெண் எழுந்து திரையில் படம் காட்டிப் பேசினாள். ஆங்கிலம்தான், ஆனால் புரிந்தது. இடிபட்ட துகள் கருவுக்குள் சிக்கிக்கொள்வதை இன்னும் யாராலும் சரியாகக் கணக்கிட முடியவில்லை என்றாள். அதை மட்டும் கேட்டுக்கொண்டு எழுந்து வந்தேன்.

உங்கள் மகள் வாசல்வரை வந்தாள். "பெரியப்பா, நீங்க சொன்னதை அப்பா இருக்கும்போதே அவர்கிட்ட யாராவது கேட்டிருக்கலாமே" என்றாள்.

"கேட்டாங்கம்மா. கேட்ட எடத்துல அவரு சொல்லல."

அவள் என்னோடு படியிறங்கினாள். பிறகு, நீங்கள் படுக்கையில் இருந்தபோது, என்றைக்காவது இதை நடத்துவதானால் கருத்தரங்கம் என்று வைக்கக் கூடாது, பட்டறை என்றுதான் வைக்க வேண்டும் என்று சொன்னதாகச் சொன்னாள். ஏன் என்று அவள் கேட்டாளாம். நீங்கள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தீர்களாம்.

திரும்பும்போதும் கேட் அடைத்திருந்தது. பஸ்ஸிலிருந்து இறங்கிக் கட்டைக்கு முன்னால் போய் நின்றேன். பொன்னாடை தோளில் கனத்தது. கூட்ஸ் வண்டி நெல் மூட்டைகளோடு மெதுவாகப் போனது. பெட்டிகளுக்கு இடையே எதிர்ப்பக்கம் யார் யாரோ தெரிந்தார்கள்.

அந்த ஒரு சொல் உங்கள் சாட்சியைத் திருத்திவிடும் என்று நீங்கள் நினைத்திருந்தால், திருத்தாது சார். சொல்ல வேண்டிய இடம் தஞ்சாவூர், மகளின் காது இல்லை. நான் இதை ஒத்துக்கொள்ளப் போவதில்லை. ஆனால் வந்தது தடம் விடாது, இடிபட்டதை வைத்துத்தான் சொல்ல வேண்டும் என்று இதே இடத்தில் நின்று சொன்னவர் நீங்கள். இடிபட்டது இங்கேதான் இருக்கிறது. நகர இடம் கிடைக்கவில்லை. கேட்கிறவர்களுக்கெல்லாம் இரண்டு பேர் திட்டமிட்டோம் என்றே சொல்லிக்கொண்டிருப்பேன். ஒருவர் என்று ஒருநாளும் சொல்லமாட்டேன், எனக்கு நீங்கள் செய்ததை நான் உங்களுக்குச் செய்யமாட்டேன்.

கடைசிப் பெட்டியும் போனது. எதிர்ப்பக்கம் நீங்கள் நிற்கும் இடத்தில் ஒரு தண்ணீர் லாரி நின்றது. இருந்திருந்தால் தலையை ஆட்டியிருப்பீர்கள். நான் ஆட்டியிருக்கமாட்டேன்.

கேட் திறந்த பிறகும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன்.